பெரிய சர்வர் வேண்டாம். ஒரு நகல் போதும்

இணையதளம் மெதுவாகத் திறக்கிறது என்று நாலு பேர் சொன்னதும், தளம் வைத்திருப்பவர்கள் முதலில் எடுக்கிற முடிவு ஹோஸ்டிங் திட்டத்தை உயர்த்துவது. மாதம் இருநூறு ரூபாயில் ஓடிக்கொண்டிருந்த தளத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று கட்டத் தொடங்குவார்கள். பெரிய ஜவுளிக்கடைக்கு அது ஒரு தொகையே இல்லை. சிற்றிதழ் நடத்துபவருக்கும், ஊர் வரலாற்றைத் தொகுத்து வைக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், வருடத்துக்கு ஐந்தாறு புத்தகம் போடுகிற பதிப்பகத்துக்கும் அது கையைக் கடிக்கிற செலவு.

அந்தச் செலவு பெரும்பாலும் தேவையில்லை. கேச்சிங் என்கிற ஏற்பாட்டை ஒழுங்காகச் செய்துவிட்டால், இருக்கிற சர்வரே போதும். அதற்கு வேண்டிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் முடிந்துவிடும். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சிறிய தமிழ்த் தளங்களை அமைத்துப் பராமரிப்பது என் தொழில். புதிதாக எந்தத் தளம் என் பொறுப்புக்கு வந்தாலும் நான் முதலில் கவனிப்பது இந்த ஒன்றைத்தான்.

ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து

நான் பார்த்துக்கொள்ளும் தளங்கள் வேர்ட்பிரஸ்ஸில் அமைந்தவை. மேட் மல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் 2003ல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. எழுதுகிறவருக்கு மிகவும் வசதியானது. தலைப்பு, கட்டுரை, படம் மூன்றையும் போட்டு வெளியிடு என்று அழுத்தினால் போதும். ஆனால் அந்தக் கட்டுரை ஒரு முழுப் பக்கமாக எங்கும் சேமிக்கப்படுவதில்லை. எழுத்து டேட்டாபேஸில் ஓரிடத்தில் இருக்கும். படம் வேறொரு ஃபோல்டரில் இருக்கும். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கிற தீம் இன்னோர் இடத்தில் இருக்கும்.

ஒரு வாசகர் இணைப்பைத் தட்டியதும் சர்வரில் பிஎச்பி நிரல் ஓடத் தொடங்குகிறது. நிறுவியிருக்கும் பிளகின்கள் என்ற துணை மென்பொருள்களை ஒவ்வொன்றாக ஏற்றுகிறது. தளத்தின் பெயர் என்ன, மெனுவில் என்னென்ன, கட்டுரை எது, எழுதியவர் யார், கீழே காட்ட வேண்டிய தொடர்புடைய கட்டுரைகள் எவை என்று டேட்டாபேஸிடம் பல முறை கேட்கிறது. எல்லாம் கிடைத்த பிறகு பக்கத்தைக் கோத்து அனுப்புகிறது. அனுப்பியதும், கோத்த பக்கத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறது. அடுத்த விநாடி இன்னொருவர் அதே கட்டுரையைத் திறந்தால், இத்தனை வேலையும் மறுபடி முதலிலிருந்து நடக்கும். கட்டுரையில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது.

ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். வருகிற ஒவ்வொருவரும் சீனி உண்டா, பாமாயில் வந்துவிட்டதா என்று கேட்க, விற்பனையாளர் ஒவ்வொரு தடவையும் இருப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பதில் சொன்னால் வரிசை தெருமுனைவரை நீளும். அதனால்தான் வாசலில் ஒரு பலகையில் எழுதிப் போடுகிறார்கள். பதிவேட்டை ஒருமுறை பார்த்தால் போதும், நூறு பேர் பலகையைப் படித்துக்கொள்வார்கள். கேச் என்பது அந்தப் பலகை. அதைக் கையாள வேண்டிய இரண்டு விதிகளையும் அதிலேயே பார்க்கலாம். சரக்கு தீர்ந்தால் பலகையை உடனே அழித்து எழுத வேண்டும். உங்கள் கார்டுக்குத் தர வேண்டியது எவ்வளவு என்பதை ஒருநாளும் பலகையில் எழுதக் கூடாது.

நகல் மூன்று இடங்களில் இருக்கலாம். ஒன்று, உங்கள் சர்வரிலேயே. இரண்டு, சர்வருக்கும் வாசகருக்கும் நடுவே, வாசகரின் ஊருக்கு அருகில் உள்ள ஒரு டேட்டா சென்டரில். மூன்று, வாசகரின் போனில். மூன்றையும் காசில்லாமல் ஏற்பாடு செய்யலாம்.

அண்ணாச்சியின் தளம்

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது பதிப்பகங்களின் தளங்களுக்கும் கூட்டம் வரும். நெல்லை எழுத்தாளர்களின் புத்தகங்களை விடாமல் கொண்டுவருகிற பதிப்பாளர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் போட்ட ஒரு நாவலைப் பற்றி யாரோ ஃபேஸ்புக்கில் நன்றாக எழுத, அன்று மாலை அவர் தளத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் 508 என்ற எண்ணோடு ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. பல தளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் சர்வரில், உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய அளவு தீர்ந்துவிட்டால் வருகிற பிழை அது. ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து உயர் திட்டத்துக்கு மாறச் சொல்லி மெயிலும் வந்துவிட்டது. அண்ணாச்சி போன் செய்தார்.

“ஏம்மா, மாசம் ரெண்டாயிரம் கட்டுனாதான் சைட் ஓடும்னு சொல்லுதாங்களே, கட்டிருவமா?”

“கட்டாதிய அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க, நான் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

பார்த்தால், தளத்தில் கேச் எதுவுமே இல்லை. முகப்புப் பக்கத்தைக் கோத்து முடிக்க சர்வருக்கு ஏறக்குறைய இரண்டு நொடி ஆகிக்கொண்டிருந்தது. ஒருவர் இருவர் வந்தால் தாங்கும். ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வந்தால், ஐம்பது பேருக்கும் அந்த இரண்டு நொடி வேலையைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அங்கேதான் அது மூச்சு முட்டி நின்றது.

எந்தப் பிளகினைப் போடுவது என்பது சர்வரைப் பொறுத்தது. கணினியில் குரோம் பிரவுசரில் தளத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தினால் ஒரு பலகம் விரியும். அதில் நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய்ப் பக்கத்தை மறுபடி ஏற்றி, பட்டியலில் முதல் வரியைச் சொடுக்கினால், சர்வர் தன்னைப் பற்றிச் சொல்லும் தகவல்கள் தெரியும். அங்கே லைட்ஸ்பீடு என்று இருந்தால் லைட்ஸ்பீடு கேச் என்ற இலவசப் பிளகினே சிறந்தது. சர்வர் மென்பொருளோடு நேரடியாகப் பேசி அது நகலைச் சேமிக்கிறது. அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் என்றிருந்தால் டபிள்யூபி சூப்பர் கேச் போதும். வேர்ட்பிரஸ்.காம் தளத்தை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனமே அதைப் பராமரிக்கிறது. டபிள்யூ3 டோட்டல் கேச், கேச் எனேபிளர் போன்றவையும் இலவசமாக உண்டு. ஏதாவது ஒன்றை மட்டும் போடுங்கள். இரண்டு கேச் பிளகின்களை ஒன்றாகப் போட்டால் ஒன்றின் ஃபைலை மற்றது அழித்துக் குழப்பம்தான் மிஞ்சும்.

அண்ணாச்சியுடையது அப்பாச்சி சர்வர். முழுத் தளத்தையும் பேக்கப் எடுத்துவைத்துவிட்டு டபிள்யூபி சூப்பர் கேச்சை நிறுவினேன். அமைப்புகள் பகுதியில் அதன் பக்கத்தைத் திறந்தால் முதலில் ஈஸி என்ற தாவல் இருக்கும். அதில் கேச்சிங் ஆன் என்பதைத் தேர்ந்து சேமித்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பிறகு அட்வான்ஸ்டு தாவலில் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். லாகின் செய்தவர்களுக்கு நகலைக் காட்டாதே என்பதும், பக்கங்களைச் சுருக்கி அனுப்பு என்பதும் தேர்வாகியிருக்க வேண்டும். இணையத்தில் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் இடம் வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லே 15 பைட் எடுத்துக்கொள்ளும். ஆகவே சுருக்கி அனுப்புவதன் பலன் தமிழ்த் தளங்களுக்கு அதிகம்.

கேச் வேலை செய்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள எளிய வழி உண்டு. லாகின் செய்யாத தனி சாளரத்தில் தளத்தைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு யு விசையை அழுத்துங்கள். பக்கத்தின் மூல நிரல் தெரியும். அதன் கடைசிக்குப் போனால், இந்தப் பக்கத்தை உருவாக்க எத்தனை நொடி ஆனது, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு இந்த நகல் எடுக்கப்பட்டது என்று பிளகின் குறித்துவைத்திருக்கும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஏற்றிப் பாருங்கள். அதே நேரம் மாறாமல் இருந்தால், சர்வர் பக்கத்தைப் புதிதாகக் கோக்கவில்லை, எடுத்துவைத்த நகலைத் தருகிறது என்று பொருள். அண்ணாச்சி தளத்தில் இரண்டு நொடியை ஒட்டியிருந்த காத்திருப்பு கால் நொடிக்குக் கீழே இறங்கியது. ஃபேஸ்புக் பதிவைப் பார்த்து ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். 508 அதன் பிறகு வரவில்லை.

“அப்ப இதுக்கு எவ்வளவும்மா?”

“இதுக்குக் காசு கெடையாது அண்ணாச்சி.”

“சும்மா குடுக்கான்னா அதுல என்ன வில்லங்கம் இருக்குன்னு மொதல்ல சொல்லு.”

நியாயமான கேள்வி. வேர்ட்பிரஸ் பிளகின்களில் வில்லங்கம் ஒன்றும் இல்லை. அவை திறந்த மூல மென்பொருள்கள். யார் வேண்டுமானாலும் நிரலைப் படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். வேர்ட்பிரஸ் எந்த உரிமத்தின் கீழ் இலவசமோ, அதே உரிமத்தின் கீழ்தான் இவையும் இலவசம்.

நார்வே பத்திரிகை செய்த காரியம்

கேச்சிங் ஏழைத் தளங்களுக்கான ஒப்பேற்று வேலை என்று நினைத்துவிடக் கூடாது. உலகின் பெரிய தளங்கள் இதைக்கொண்டுதான் தாக்குப்பிடிக்கின்றன. நார்வேயின் பெரிய நாளிதழ்களில் ஒன்றான வேர்டன்ஸ் காங், தன் இணையப் பதிப்பைச் சமாளிக்க டென்மார்க்கைச் சேர்ந்த புரோகிராமர் பவுல் ஹென்னிங் காம்ப்பிடம் ஒரு கேச் மென்பொருள் எழுதித் தரச் சொன்னது. 2006ல் அது வார்னிஷ் என்ற பெயரில் வெளியானது. அதுவரை நகல்களைப் பரிமாற 12 சர்வர்கள் வைத்திருந்த அந்தப் பத்திரிகைக்கு, வார்னிஷ் வந்தபின் 3 சர்வர்கள் போதுமானதாக இருந்தன. செலவழித்துச் செய்த மென்பொருளைப் பத்திரிகை பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் பயன்படுத்தும்படி திறந்த மூலமாக வெளியிட்டார்கள். இன்று இலவசமாக நம் கைக்கு வருகிற பலவும் இப்படி யாரோ ஒருவர் தன் தேவைக்குச் செய்து ஊருக்குக் கொடுத்தவை.

விக்கிப்பீடியாவும் அப்படித்தான். லாகின் செய்யாமல் படிக்கிற வாசகருக்கு அது பெரும்பாலும் நகலைத்தான் தருகிறது. ஆசியப் பகுதி வாசகர்களுக்காக விக்கிமீடியா அறக்கட்டளை 2018ல் சிங்கப்பூரில் ஒரு கேச் மையத்தைத் தொடங்கியது. 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா மொழிப் பக்கங்களும் அமெரிக்காவரை போய் வராமல், பக்கத்திலிருந்தே வருவதற்கு அது வழிசெய்தது. நன்கொடையில் நடக்கிற ஒரு நிறுவனம் இத்தனை கோடி வாசகர்களைத் தாங்குவதற்குக் கேச் ஒரு பெரிய காரணம்.

ஆனால் விக்கிப்பீடியாவே ஒருமுறை தடுமாறியது. 2009 ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி பரவியதும், உலகமே அவருடைய பக்கத்தைத் திறந்தது. அதே நேரம் ஆர்வலர்கள் அந்தப் பக்கத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய நகல் அழியும். அழிந்த கணத்தில் வந்த அத்தனை பேருக்கும் சர்வர்கள் ஒரே பக்கத்தைத் தனித்தனியாகக் கோக்கத் தொடங்கின. மேற்கோள்கள் நிறைந்த நீளமான பக்கம், கோத்து முடிய நேரம் எடுக்கும். அந்த நெரிசலில் தளம் முடங்கியது. அதன் பிறகு, ஒரு பக்கத்தை ஒரு சர்வர் கோக்கும்போது மற்றவை காத்திருக்கும்படி ஓர் ஏற்பாட்டை எழுதிச் சேர்த்தார்கள். நகல் எடுப்பதைவிட, அதை எப்போது அழிப்பது என்பதுதான் இந்தக் கலையின் கடினமான பகுதி.

தூரத்தைக் குறைக்கும் இரண்டாவது நகல்

சர்வரில் நகல் தயாராக இருந்தாலும், அது வாசகர்வரை பயணம் செய்தாக வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். உங்கள் சர்வர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிறது என்று வையுங்கள். சென்னையிலிருந்து நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 0.13 நொடி. கேபிள் நேர்கோட்டில் போகாததால் உண்மையில் இன்னும் கூடும். பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்கு முன், இணைப்பு ஏற்படுத்த ஒரு போய்வரல், பாதுகாப்புச் சாவி பரிமாற ஒன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒன்று என்று வழக்கமாக மூன்று முறை போய்வர வேண்டும். சர்வர் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இந்த 0.4 நொடியைக் குறைக்க முடியாது. தூரத்தைத்தான் குறைக்க வேண்டும்.

பல ஊர்களில் நகல் வைத்துப் பரிமாறும் இந்த ஏற்பாட்டுக்கு சிடிஎன் என்று பெயர். ஒரு காலத்தில் பெரிய நிறுவனங்களால் மட்டுமே இதற்குக் காசு கொடுக்க முடிந்தது. 2010ல் அறிமுகமான கிளவுட்ஃபிளேர், சிறு தளங்களுக்கு இலவசத் திட்டம் ஒன்றை வைத்தது. அது இன்றும் இருக்கிறது. சென்னையிலும் கொழும்பிலும் அதற்கு டேட்டா சென்டர்கள் உள்ளன. வாசகர் பயன்படுத்தும் இணைய நிறுவனத்தின் வழித்தடத்தைப் பொறுத்து, அருகிலிருக்கும் ஒரு மையத்திலிருந்து படங்களும் எழுத்துருக்களும் போய்ச் சேரும்.

கணக்குத் தொடங்கி உங்கள் டொமைன் பெயரைக் கொடுத்தால், அது இப்போதுள்ள டிஎன்எஸ் பதிவுகளைப் படித்துப் பட்டியலிடும். அந்தப் பட்டியலை உங்கள் ஹோஸ்டிங் பக்கத்தில் இருப்பதோடு ஒரு வரி விடாமல் ஒப்பிடுங்கள். முக்கியமாக, மெயிலுக்கான எம்எக்ஸ் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அது விடுபட்டால் தளம் ஓடும், மெயில் நின்றுவிடும். பிறகு கிளவுட்ஃபிளேர் தருகிற இரண்டு நேம்சர்வர் பெயர்களை, டொமைன் வாங்கிய இடத்தில் போட வேண்டும். கடைசியாக எஸ்எஸ்எல் பகுதியில் ஃபுல் ஸ்ட்ரிக்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபிளெக்சிபிள் என்று விட்டுவிட்டால், தளமும் கிளவுட்ஃபிளேரும் ஒன்றையொன்று மாற்றி மாற்றித் திருப்பி அனுப்பி, பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கிளவுட்ஃபிளேர் இயல்பாகப் படம், எழுத்துரு, வடிவமைப்பு ஃபைல்களுக்கு மட்டுமே நகல் வைக்கும். கட்டுரைப் பக்கத்துக்கு வைக்காது. கட்டுரைப் பக்கத்தைச் சர்வரில் உள்ள பிளகின் பார்த்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன்.

என்ன வில்லங்கம் என்ற அண்ணாச்சியின் கேள்விக்கு இங்கே தனியாகப் பதில் சொல்ல வேண்டும். கிளவுட்ஃபிளேர் ஒரு வணிக நிறுவனம். பெரிய வாடிக்கையாளர்களிடமிருந்து அதற்கு வருமானம் வருகிறது. வீடியோக்களைப் பரிமாறுவதற்கு இந்த இலவசத் திட்டத்தை நம்பக் கூடாது. உங்கள் தளத்துக்கு வருகிற எல்லோரும் அதன் வழியாகத்தான் வருவார்கள். 2025 நவம்பர் 18 அன்று அது சில மணி நேரம் முடங்கியபோது எக்ஸ், சாட்ஜிபிடி உட்பட ஏராளமான தளங்கள் திறக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். உங்கள் வாசகர்களும் சர்வரும் இந்தியாவிலேயே இருந்தால், பிளகின் மட்டும் போதும் என்று விட்டுவிடுவதிலும் தவறில்லை. சிங்கப்பூர், கனடா, லண்டன் என்று வாசகர்கள் பரந்திருக்கிற தமிழ் இதழுக்குக் கிளவுட்ஃபிளேர் பெரிய உதவி.

வாசகரின் போனில் மூன்றாவது நகல்

உங்கள் இதழின் சின்னம், எழுத்துரு, வடிவமைப்பு எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் ஒன்றுதான். ஒருமுறை போனுக்கு வந்துவிட்டால், அடுத்த பக்கத்துக்கு மறுபடி இறக்க வேண்டியதில்லை. இவற்றை எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்று சர்வர் பிரவுசரிடம் விநாடிக் கணக்கில் சொல்கிறது. 31536000 என்ற எண்ணை எங்காவது பார்த்தால் பயப்பட வேண்டாம். ஒரு வருடத்துக்கு அத்தனை விநாடிகள். கிளவுட்ஃபிளேரில் பிரவுசர் கேச் டிடிஎல் என்ற இடத்தில் இதை நீட்டித்துக்கொள்ளலாம்.

தமிழ்த் தளங்களுக்கு இதில் கவனிக்க வேண்டிய ஒன்று எழுத்துரு. கூகுளின் சர்வரிலிருந்து எழுத்துருவை எடுத்தால், வாசகர் வேறொரு தளத்தில் ஏற்கெனவே இறக்கிய நகல் நமக்கும் உதவும் என்று முன்பு சொல்வார்கள். 2020ல் குரோம் பிரவுசர், பாதுகாப்புக் கருதி, ஒவ்வொரு தளத்துக்கும் கேச்சைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. அந்த லாபம் இப்போது இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை வொஃப்2 வடிவில் உங்கள் சர்வரிலேயே வைத்து, ஒரு வருட ஆயுள் கொடுங்கள். மெல்லிய, சாதாரண, தடித்த என்று எல்லா வகைகளையும் ஏற்றாமல் இரண்டோடு நிறுத்துங்கள்.

நீண்ட ஆயுள் கொடுத்த ஃபைலை மாற்ற வேண்டி வந்தால் அதே பெயரில் மேலே எழுதாதீர்கள். புத்தக அட்டைப்படம் மாறினால், புதிய பெயரில் ஏற்றிப் பக்கத்தில் இணைப்பை மாற்றுங்கள். பழைய பெயரில் உள்ளது வாசகரின் போனில் இருக்கும்வரை அவருக்குப் பழைய அட்டைதான் தெரியும். அங்கே போய் நம்மால் அழிக்க முடியாது.

பலகையில் எழுதக் கூடாதவை

எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் பக்கத்துக்கு மட்டுமே நகல் வைக்க வேண்டும். கட்டுரை, ஆசிரியர் அறிமுகம், புத்தக விவரம் எல்லாம் அப்படி. ஒருவருடைய கணக்குப் பக்கம், வாங்கும் கூடை, பணம் செலுத்தும் பக்கம் ஆகியவற்றுக்கு நகல் வைத்தால், ஒருவரின் பெயரும் முகவரியும் அடுத்தவருக்குத் தெரிந்துவிடும்.

இது கற்பனைப் பயம் கிடையாது. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தின் மீது தாக்குதல் நடந்தது. நெரிசலைச் சமாளிக்கக் கேச் அமைப்பை மாற்றியபோது ஒரு பிழை நேர்ந்தது. லாகின் செய்தவர்களின் பக்கங்களுக்கும் நகல் எடுக்கப்பட்டு, ஒருவரின் பக்கம் இன்னொருவருக்குப் போனது. சுமார் 34,000 பேரின் விவரங்கள் அப்படி வெளிப்பட்டிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது.

வூகாமர்ஸ் என்ற பிளகினை வைத்து விற்பனை செய்பவர்கள், கூடை, பணம் செலுத்துதல், என் கணக்கு ஆகிய மூன்று பக்கங்களும் கேச்சிலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நல்ல பிளகின்கள் இதைத் தாமாகவே செய்கின்றன. இருந்தாலும் இரண்டு போன்களில் இரண்டு வேறு கணக்குகளில் நுழைந்து, கூடையில் வெவ்வேறு புத்தகங்களைப் போட்டுச் சோதித்துவிடுவது நல்லது. கிளவுட்ஃபிளேரில் எல்லாவற்றுக்கும் நகல் வை என்கிற விதியை, விலக்குகளைச் சரியாக எழுதத் தெரியாமல் போடவே கூடாது.

விலையை மாற்றினேன், இன்னும் பழையதுதான் தெரிகிறது என்று வாடிக்கையாளர்கள் அடிக்கடி கூப்பிடுவார்கள். கட்டுரையையோ பக்கத்தையோ திருத்திச் சேமித்தால் பிளகின் அந்தப் பக்கத்தின் நகலைத் தானாக அழித்துவிடும். மெனு, தீம், பக்கவாட்டுப் பெட்டி போன்றவற்றை மாற்றினால் மட்டும் நாமே அழிக்க வேண்டி வரலாம். அழிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சர்வரில் உள்ள பிளகின் கேச், அடுத்து கிளவுட்ஃபிளேர், கடைசியில் உங்கள் பிரவுசர். இதைத் தலைகீழாகச் செய்தால், வெளியே அழித்த இடம் உள்ளே இருக்கும் பழைய நகலையே மறுபடி எடுத்து வைத்துக்கொள்ளும்.

கேச் தீர்க்காதவை

போனில் எடுத்த 4 எம்பி புகைப்படத்தை அப்படியே ஏற்றினால், எத்தனை கேச் இருந்தாலும் வாசகர் அந்த 4 எம்பியையும் ஒருமுறை இறக்கித்தான் ஆக வேண்டும். படத்தின் அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி வடிவில் சேமித்தால் அதே படம் ஒன்றிரண்டு நூறு கேபிக்குள் அடங்கும். பயன்படுத்தாத பிளகின்களை நீக்குங்கள். விளம்பரத்துக்கும் கணக்கெடுப்புக்கும் வெளியிலிருந்து ஏற்றும் நிரல்கள் ஒவ்வொன்றும் வாசகரின் போனுக்குச் சுமை. அவற்றை நம் கேச் தொடாது.

வேகத்தை அளக்க கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் இலவசம். அதில் நிறைய எண்கள் வரும். இரண்டைக் கவனித்தால் போதும். சர்வரின் முதல் பதில் 0.8 நொடிக்குள் வர வேண்டும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். முதல் எண் கூடுதலாக இருந்தால் கேச் இல்லை என்று சந்தேகிக்கலாம். முதல் எண் சரியாக இருந்து இரண்டாவது கூடுதலாக இருந்தால் படங்களைப் பாருங்கள். நிர்வாகியாக லாகின் செய்துகொண்டு தளத்தைப் பார்த்து வேகத்தை முடிவுசெய்யாதீர்கள். லாகின் செய்தவருக்கு நகல் வராது என்பதால் உங்களுக்கு மட்டும் எப்போதும் மெதுவாகத்தான் தெரியும்.

எனக்கு இந்த விஷயத்தில் இத்தனை அக்கறை ஏன் என்றால், மெதுவான தளத்தால் முதலில் வெளியே நிற்பவர்கள் யார் என்று தெரியும். அலுவலகத்தில் நல்ல கணினியும் ஃபைபர் இணைப்பும் வைத்திருப்பவருக்கு இரண்டு நொடி ஒரு பொருட்டில்லை. பேருந்தில் ஒற்றைக் கோடு சிக்னலில், பழைய போனில், அன்றைய டேட்டா தீர்வதற்குள் ஒரு கட்டுரையைப் படித்துவிட நினைக்கிற மாணவிக்கு அது பெரிய தடை. அவர் புகார் சொல்லிக் கடிதம் எழுத மாட்டார். மூடிவிட்டு வேறெதையாவது பார்க்கப் போய்விடுவார். நல்ல தமிழ் எழுத்தை உழைத்துத் தேடிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அதைத் திறக்க முடியாமல் ஒரு வாசகரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

ஆகவே தளம் நடத்தும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த முறை ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து உயர் திட்டத்துக்கு மாறச் சொல்லி மெயில் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலையை ஒதுக்குங்கள். பேக்கப் எடுங்கள், ஒரே ஒரு கேச் பிளகினைப் போடுங்கள், கணக்குப் பக்கங்களை விலக்குங்கள், படங்களைச் சுருக்குங்கள், பிறகு அளந்து பாருங்கள். அதன் பிறகும் சர்வர் திணறினால் பெரிய திட்டத்துக்கு மாறலாம். மிச்சமாகும் பணத்தை எழுதுகிறவருக்குக் கொடுங்கள்.